பீனியாவில் லைனர் இறக்கும் பட்டறை: வேலைக்கு ஐந்து, நேரத்துக்கு இரண்டரை

ஹைட்ராலிக் சிலிண்டருக்கு லைனர் போட, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து உள்ளே புது எஃகுக் குழாய் இறக்க, பெங்களூரில் யாரிடம் கொடுக்கலாம் என்று பிரஸ் ஷாப் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் விளக்கி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் கொடுத்தது பீனியாவில், டி.வி.எஸ். கிராஸ் பக்கம் ஒரு குறுக்குச் சந்தில் இருக்கும் பட்டறையில். வாசலில் போர்டு கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று உரிமையாளரைக் கேட்டேன். "வேண்டாங்கம்மா, இருக்கற வேலையே முடிக்க மாட்டேங்குது" என்றுவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், பெங்களூர் வந்து ரொம்ப காலம் ஆகிறது. சந்து முனை டீக்கடையில் "நைட்ரஜன்ல லைனர் இறக்கறவரு" என்று கேட்டால் கை காட்டுவார்கள், கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும்.

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. சொன்ன தேதியைக் காப்பாற்றுவதற்கு இரண்டரை, அதுவும் தாராளமாக. விலை, புது சிலிண்டருக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் இதே லைனர் வேலைக்கு மற்ற இடங்களில் சொன்னதோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த அதிகப்படி அரை மடங்கு எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். லைனரை உள்ளே இறக்குவது கால் மணி நேர வேலைகூட இல்லை. காசெல்லாம் அதற்கு முன்னால் அளப்பதிலும் அதற்குப் பின்னால் தேய்ப்பதிலும் போகிறது.

எங்களுடையது காமாட்சிபாளையாவில் ஒரு சின்ன பிரஸ் ஷாப். ஃபில்டர் கிண்ணம், மோட்டார் மூடி என்று தகட்டை ஆழமாக இழுக்கும் வேலைதான் முக்கால்வாசி. அப்பா காலத்தில் வாங்கிய நாலு தூண் 100 டன் பிரஸ் ஒன்று இருக்கிறது. சிலிண்டரின் உள் விட்டம் 250 மி.மீ. அதன் பரப்பு 491 சதுர சென்டிமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தம் கொடுத்தால் 98 டன் வருகிறது. போன வருஷத்தில் இருந்து அந்த 200 நிற்கவில்லை. கேஜில் முள் ஏறும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் மேலே நிறுத்திய ராம் (பிஸ்டனோடு ஏறி இறங்கும் பிரஸ்ஸின் தண்டு), நாம் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் நாலு விரல் கீழே வந்திருக்கும். சீலை (பிஸ்டனைத் தாண்டி ஆயில் கசியாமல் பிடிக்கும் வளையத்தை) மாற்றினோம், கொஞ்ச நாள் நன்றாக இருந்து மறுபடி அதே கதை.

இந்தப் பட்டறைக்காரரை எனக்குப் பிடித்துப்போனது முதல் ஃபோனிலேயே. சிலிண்டரைக் கழற்றிக் கொண்டு வருகிறேன் என்றேன். "கழட்டாதீங்க. வால்வு போயிருந்தாலும் ராம் இறங்குமுங்க. முதல்ல எதுன்னு பாருங்க" என்றார். எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னார். ராமைக் கடைசிவரை மேலே ஏற்ற வேண்டும், அடியில் கட்டை கொடுத்துவிட வேண்டும். கீழ்ப்பக்கத்துக்கு பிரஷர் கொடுத்துக்கொண்டே, மேல்பக்க ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விட வேண்டும். பிஸ்டன் சீல் சரியாக இருந்தால் ஹோஸில் மிச்சமிருந்த ஆயில் சொட்டிவிட்டு நின்றுபோகும். நிற்காமல் ஒழுகினால் பிஸ்டனைத் தாண்டி வருகிறது என்று அர்த்தம். எங்களுக்கு வாளி நிறைந்தது. சும்மா வந்து விழும் வேலையைத் தானே ஃபோனில் தள்ளிவிடப் பார்த்த பட்டறைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் உள்சுவரில் நீளவாக்கில் கோடு கோடாக விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் கைடு ரிங் தேய்ந்துபோய், பிஸ்டனின் இரும்பு நேராகச் சுவரில் உரசியிருக்கிறது. டையில், அதாவது அச்சில், தகடு நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இப்படி ஆகும் என்றார். அப்படிப்பட்ட சுவரில் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் அந்தக் கோடுகளே அதைத் தின்றுவிடும்.

சரி, புது சிலிண்டரே போடலாமே என்றால், எங்கள் பிரஸ்ஸில் சிலிண்டர் தனிக் குழாய் கிடையாது. மேல் பெட்டோடு சேர்ந்து உட்காரும் ஃப்ளேஞ்சு (அகன்ற விளிம்பு) வைத்த கனமான ஃபோர்ஜிங், அதாவது அடித்து உருவாக்கிய எஃகு, வெளி விட்டம் 350 மி.மீ. அதைப் புதிதாகச் செய்ய இரண்டு மாதத்துக்கு மேல் கேட்டார்கள். லைனர் என்றால் பழைய சிலிண்டரையே 270-க்குக் குடைந்து, 10 மி.மீ. சுவர் கொண்ட எஃகுக் குழாயை உள்ளே இறக்கி, மறுபடி 250-க்குக் கொண்டுவந்துவிடலாம். பிஸ்டன் அதே, சீல் கிட் அதே. வெளி உடம்பின் சுவர் 50-ல் இருந்து 40 ஆகிறது, அது தாங்கும். இந்தக் கணக்கை அவர் என் முன்னாலேயே ஒரு டெலிவரி சலானின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். பக்கத்தில் ஒருவர் ஜே.சி.பி. சிலிண்டரோடு நின்றுகொண்டிருந்தார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதிரி மெல்லிய சுவர்க் குழாயைக் குடைந்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது, புது ஹோன்டு டியூப் (உள்சுவரைத் தேய்த்து அளவாக்கியே விற்கும் குழாய்) வாங்கி வெல்டிங் செய்வதுதான் வழி என்றார்.

இங்கே ஒரு பழைய வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு எங்கள் 60 டன் பிரஸ்ஸுக்கு வேறொரு இடத்தில் லைனர் போட்டோம். எந்த இடம் என்பது வேண்டாம். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஹோன்டு டியூபை வாங்கி, வெளியே லேசாகக் கடைந்து, ஜாக்கி வைத்து அமுக்கி உள்ளே தள்ளிவிட்டார்கள். தள்ளிய பிறகு உள்ளே அளந்து பார்க்கவில்லை. இறுக்கிப் பிடித்த குழாய் உள்விட்டத்தில் குறையும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறையாது. ஆயில் போகும் போர்ட்டை வெளியில் இருந்து துளை போட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிசிறை அப்படியே விட்டிருந்தார்கள். சீலை இறக்கும்போதே அந்தப் பிசிறு அதன் உதட்டை அறுத்துவிட்டது. அதைவிட மோசம் பின்னால் தெரிந்தது. போர்ட் துளை வழியாக ஆயில் லைனருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. உள்ளே பிரஷர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிரஷரை விட்டவுடன் உள்ளே காலி, ஆனால் லைனர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆயில் அதே அழுத்தத்தோடு நிற்கிறது. அது லைனரை உள்பக்கமாகத் தள்ளும். நாங்கள் பிரித்துப் பார்த்தபோது போர்ட்டுக்குப் பக்கத்தில் லைனர் உள்ளே வீங்கி, பிஸ்டன் அதில் மோதி மோதி ஒரு பக்கம் பளபளவென்று ஆகியிருந்தது. கேட்டதற்கு "உங்க ஆயில் சரியில்லை மேடம்" என்றார்கள்.

அதனால் பீனியாவில் நான் முதலில் கேட்ட கேள்வியே இந்த நடுவில் புகும் ஆயிலைப் பற்றித்தான். அவர் சிரித்துவிட்டு ஒரு பழைய லைனர்த் துண்டைக் காட்டினார். போர்ட் வரும் இடத்தில் அதன் முதுகில் சின்னதாகச் சம தளம் வெட்டியிருந்தது. வெளி உடம்பின் போர்ட்டைப் பெரிதாக்கி, அதில் ஒரு படி வைத்த புஷ்ஷை (குட்டிக் குழாயை) மரை போட்டு இறக்குகிறார்கள். புஷ்ஷின் அடி ஓ-ரிங்கோடு அந்தச் சம தளத்தில் உட்காரும், அதற்குப் பிறகு போர்ட் வழியாக நடுவில் புக வழியில்லை. அது போக, வெளி உடம்பின் நடுவில் 3 மி.மீ. துளை ஒன்று. எந்தப் பக்கத்தில் இருந்தாவது ஆயில் கசிந்து லைனர் முதுகுக்கு வந்துவிட்டால் அந்தத் துளையில் வெளியே வந்துவிடும். அழுத்தமும் சேராது, நமக்கும் கண்ணில் படும். "இது ஒழுகுச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க, நீங்களா அடைச்சுப் போடாதீங்க" என்று எங்கள் ஃபிட்டர் பையனிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை போல்ட் போட்டு அடைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறார் போல.

அளவு எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் தாமதமும் இதனால்தான், தரமும் இதனால்தான். முதலில் வெளி உடம்பைக் குடைகிறார்கள். அதை முழுதாக அளந்த பிறகுதான் லைனரின் வெளிப்பக்கத்தைக் கடைகிறார்கள். அது ஒரு பழைய எச்.எம்.டி. லேத், பெயின்ட் எல்லாம் உதிர்ந்தது, ஆனால் கை வைக்கும் இடமெல்லாம் சுத்தம். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் வேலை பார்த்துவிட்டு வந்த வயதான மேஸ்திரி ஒருவர் அதில் நிற்கிறார், வேறு யாரும் தொடக்கூடாது. மேஸ்திரி உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜை இறக்கி மூன்று ஆழத்தில், ஒவ்வொரு ஆழத்திலும் குறுக்கும் நெடுக்கும் இரண்டு திசையில் அளந்து, சிலிண்டரின் வெளிச்சுவரிலேயே சாக்பீஸில் எழுதுகிறார். கடைந்த லைனரையும் சிலிண்டரையும் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் மறுபடி அளக்கிறார். ஏன் இந்தச் சடங்கு என்று கேட்டேன். கடைந்த சூட்டோடு லைனர் சிலிண்டரைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தாலே 270 மி.மீ. விட்டத்தில் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகக் காட்டும். அவர் வைக்கப்போகும் இறுக்கமே, அதாவது துளையைவிட லைனர் பெரிதாக இருக்கும் அளவே, 70 மைக்ரான்தான். அளவில் பாதி பொய்யாகப் போய்விட்டால் பிறகு என்ன ஃபிட் என்றார்.

இறக்குவது நைட்ரஜனில். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அதில் முக்கினால் எங்கள் லைனர் விட்டத்தில் அரை மி.மீ. அளவுக்குச் சுருங்கும், 70 மைக்ரான் இறுக்கம் காணாமல் போய்த் தாராளமாக இடம் கிடைக்கும். டிரை ஐஸிலும் செய்யலாம். அது மைனஸ் 78, எங்கள் அளவுக்குக் கால் மி.மீ.யைத் தாண்டித்தான் சுருங்கும், கணக்குப்படி போதும். ஆனால் லைனர் 700 மி.மீ. நீளம். உள்ளே போகும்போதே சூடு ஏறிக்கொண்டு வரும், பாதியில் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், மறுபடி லேத்தில் ஏற்றிக் குடைந்து எடுக்க வேண்டும். அதனால் நீளமான லைனருக்கு அவர் டிரை ஐஸை நம்புவதில்லை. வெளி உடம்பை மட்டும் சூடாக்கி இறக்குவதும் உண்டு, ஆனால் இவ்வளவு கனமான ஃபோர்ஜிங்கைச் சீராகச் சூடாக்குவது கஷ்டம். இவர் பர்னரில் லேசாகச் சூடு காட்டுகிறார், அது பெரும்பாலும் ஈரத்தை ஓட்டத்தான்.

அந்த நாளைக்கு நானும் போயிருந்தேன். சிலிண்டரைக் குழியில் நிமிர்த்தி வைத்து, மட்டம் பார்த்து, வாய்ப்பக்கத்துக்கு மேலே செயின் பிளாக்கில் லைனரைத் தொங்கவிட்டு ஒரு தடவை வெள்ளோட்டம் பார்த்தார்கள். கயிறு எங்கே, யார் எந்தப் பக்கம், எல்லாம் பேசி முடித்த பிறகுதான் நைட்ரஜன் கேனைத் திறந்தார்கள். லைனரை முக்கும் தொட்டியின் நடுவில் மூடிய டிரம் ஒன்றை வைத்திருந்தார்கள், லைனரின் உள் வெற்றிடத்தை அது அடைத்துக்கொள்வதால் அவ்வளவு நைட்ரஜன் மிச்சம். லைனர் இறங்கியதும் உலை கொதிப்பது போலத் தளதளவென்று பொங்கியது, வெள்ளைப் புகை தரையோடு ஓடியது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்து நின்றார். கொதி அடங்கினால் இரும்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடங்கியது. "ம்" என்றார். தூக்கினார்கள், வெளியே வந்த நொடியில் லைனர் மேல் வெள்ளையாகப் பனி படிந்தது, நேராகச் சிலிண்டருக்குள் ஒரே மூச்சில் போய் காலர் (லைனரின் மேல் விளிம்பு) 'டக்' என்று உட்கார்ந்தது. சுத்தியல் யாரும் எடுக்கவில்லை. அந்தக் குளிரில் எஃகு உடையக்கூடியதாகிவிடும், தட்டினால் விரிசல் விடலாம். காலர் மேல் கனமான தட்டு வைத்து ஜாக்கியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். சூடேறும்போது லைனர் நீளத்திலும் ஒரு மி.மீ.க்கு மேல் வளரும், பிடிக்காமல் விட்டால் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழும்பிவிடுமாம். அதனால்தான் அடிப்பக்கத்தில் முன்னாலேயே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு குறை. பாதுகாப்பில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். ஷட்டர் இரண்டையும் முழுக்கத் திறந்து பெரிய ஃபேன் வைத்திருந்தார்கள், அது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் 700 லிட்டர் வாயு ஆகும், மூடிய அறையில் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும், மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிடுவோம், வாசனையும் கிடையாது. குழிக்குள் யாரையும் இறங்கவிடவில்லை. இதெல்லாம் சரி. மேஸ்திரிக்கு முகக் கவசமும் தோல் கையுறையும் இருந்தன. ஆனால் கயிறு பிடித்த பையன் ரப்பர் செருப்போடு நின்றான். தொட்டி விளிம்பில் இருந்து நாலு துளி காலில் பட்டு உள்ளே தங்கினால் என்ன ஆகும்? நான் சத்தம் போட்ட பிறகு ஷூ மாட்டிக்கொண்டு வந்தான், ஷூ இருந்தது, மாட்டத்தான் யாரும் சொல்லவில்லை. உரிமையாளர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

இறக்கிய பிறகுதான் பாதி வேலை ஆரம்பம். லைனரின் உள்ளே 0.2 மி.மீ. போல மிச்சம் விட்டுத்தான் கடைந்திருந்தார்கள். வெளியில் 70 மைக்ரான் இறுக்கம் என்றால், மெல்லிய லைனர்தானே வளைந்து கொடுக்க வேண்டும், உள்விட்டம் அதில் முக்கால்வாசி சுருங்கும். அதையெல்லாம் சேர்த்துக் கடைசியில் ஹோனிங்கில், அதாவது கல்லால் உள்சுவரைத் தேய்ப்பதில், எடுக்கிறார்கள். முதலில் போர்ட் துளை, புஷ், உள்பக்கப் பிசிறை எடுத்து விளிம்பை உருட்டி விடுவது. அப்புறம் ஹோனிங். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் மேஸ்திரி கறார். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து மெல்லிய கல்லில் முடித்தார்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகள் தெரியும், ஆயில் தங்குவதற்கு அது வேண்டும். ஒரேயடியாகக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்துவிட்டாலும் சீல் வறண்டு தேய்ந்துபோகும். மேற்பரப்பு மீட்டரை வைத்துக் காட்டினார், சொரசொரப்பு (ஆர்.ஏ.) 0.3 மைக்ரான். அளவு 250.03-ல் இருந்து 250.05 வரை, மேலே கீழே நடுவில் எங்கே பார்த்தாலும். இந்த விட்டத்துக்கு எச்8 என்ற அளவுத் தரப்படி 72 மைக்ரான் வரை வித்தியாசம் விடலாம், அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடித்துவிட்டார்கள்.

கழுவுவதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஹோனிங் முடிந்தால் மண்ணெண்ணெயில் அலசி விட்டுவிடுவதுதான் நான் பார்த்த வழக்கம். இங்கே வெந்நீரில் சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். கல் உதிர்ந்த தூள் அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், எண்ணெய் அதை இடம் மாற்றும், வெளியே எடுக்காது. சோப்புத் தண்ணீர் எடுக்கும். துடைத்த வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை தேய்த்து, உடனே துடைத்து ஆயில் பூசிவிட்டார்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் புது சீலே தூளைப் பிடித்துக்கொண்டு சுவரை அரம் போல அறுக்கும்.

சோதனை 300 கிலோவில், அதாவது எங்கள் வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு, கைப் பம்பில் ஏற்றி அரை மணி நேரம். முள் அசையவில்லை. 3 மி.மீ. துளையில் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்திருந்தார்கள், காய்ந்தபடியே இருந்தது. மாட்டிய பிறகு இன்றுவரையும் காய்ந்துதான் இருக்கிறது, ராமும் நிறுத்திய இடத்தில் நிற்கிறது.

இனி குறைகள். சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாகவே இழுத்தது. நைட்ரஜனை ஒரு வேலைக்காக வரவழைத்தால் கட்டுப்படியாகாது என்று நாலைந்து லைனர் சேரும்வரை காத்திருக்கிறார்கள். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம், நான் கஸ்டமரிடம் தேதி சொல்லிவிட்டு அவதிப்பட்டேன். மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஃபோன் எடுக்க மாட்டார்கள். ராடு குரோமிங் (பிஸ்டன் தண்டுக்கு குரோம் பூசுவது) இங்கே கிடையாது, வெளியே அனுப்புகிறார்கள், அந்தத் தாமதத்துக்கும் தரத்துக்கும் தான் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். எங்களுடைய ராடு நன்றாக இருந்ததால் பிழைத்தோம். கேரன்டி வாய் வார்த்தைதான், பில்லில் எழுதித் தருவதில்லை. அளவு ரிப்போர்ட் கேட்டால் சாக்பீஸ் எழுத்தை ஃபோனில் படமெடுத்து அனுப்புகிறார்கள். பெரிய கம்பெனி ஆட்கள், ஆடிட் உள்ளவர்கள், இதைக் கவனிக்கவும். லாரி சந்துக்குள் திரும்பாது, டாடா ஏஸ் போகும். மழை பெய்திருந்தால் அதுவும் சந்தேகம், பீனியா உள்ரோடு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாருக்கு இந்த இடம் வேண்டாம் என்றால், 100 மி.மீ.க்குக் குறைவான உள்விட்டம் கொண்ட சிலிண்டர் உள்ளவர்களுக்கு வேண்டாம், ரெடி டியூபில் புது சிலிண்டரே செய்துகொள்ளலாம். நாளைக்கே மெஷின் ஓட வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம். கனமான பழைய பிரஸ், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினின் கிளாம்ப் சிலிண்டர், மாற்று கிடைக்காத இறக்குமதி மெஷின், இதற்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரியில் இருந்து கொண்டுவருபவர்களையும் அங்கே பார்த்தேன்.

போவதாக இருந்தால் வெறும் சிலிண்டரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பிஸ்டன், கிளாண்டு (ராடு வெளியே வரும் மூடி), பழைய சீல், பழைய கைடு ரிங் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுபோங்கள், அவர் முதலில் பார்ப்பது அந்தச் சாக்கைத்தான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் காரணம் சொல்கிறார். எங்களுக்கு கைடு ரிங்கை அகலமாக மாற்றிப் போடச் சொன்னதும், டேங்க் ஆயிலை முழுக்க இறக்கிக் கழுவி, 68 நம்பர் புது ஆயிலை 10 மைக்ரான் ஃபில்டர் வழியாகத்தான் ஊற்ற வேண்டும் என்று சொன்னதும் அதைப் பார்த்துத்தான். புது டிரம்மில் வரும் ஆயில்கூட வடிகட்டாமல் ஊற்றும் அளவுக்குச் சுத்தமில்லை என்பது அவர் கட்சி, நானும் இப்போது அந்தக் கட்சிதான். பணம் பாதி முன்னால், மீதி எடுக்கும்போது, ஜி.எஸ்.டி. பில் ஒழுங்காகத் தருகிறார்கள். ஏற்றி இறக்கும் கூலி தனி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நைட்ரஜன் என்றைக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டு அதற்கு ஒரு வாரம் முன்னால் சிலிண்டர் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், என்னைப் போலக் காத்துக்கிடக்க வேண்டியிருக்காது.